இரவில் நீர் பிரிதலும் ஆண்மைச் சுரப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த விஷயம் சபை நடுவே பேசத் தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். கல்வியைப்பற்றியும், சிக்கனத்தைப்பற்றியும், விவாகச் செலவைக் குறைத்தலைப்பற்றியும் இம்மேடையில் பலர் பன்முறை பேசியுள்ளனர். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருத்தலைப்பற்றி ஒருவரும் பேசியதில்லை. ஆயினும், ஐம்பது வயதைக் கடந்து இங்கே அமர்ந்திருக்கும் ஆடவருட் பலர் இவ்வுபாதையை இரவுதோறும் அனுபவித்து வருபவரே. அனுபவித்தும் வாய் திறவாதிருக்கின்றனர். அவ்வாய் திறவாமையால் விளையும் தீங்கே இன்றைய எமது பேச்சுக்குக் காரணம்.

இவ்விஷயத்தில் நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வேரூன்றியிருக்கின்றன. "வயது போனால் இப்படித்தான், இதற்கு மருந்தேது?" என்பது ஒன்று. "உடம்பில் ஆண்மைச் சத்து வற்றிவிட்டது; அதனாலேதான் நீர் நிற்கவில்லை" என்பது மற்றொன்று. முதலாவதை நம்பியவர் ஒன்றுமே செய்யாதிருக்கின்றார். இரண்டாவதை நம்பியவர் சுவரொட்டியைப் பார்த்து, ஏதோ ஒரு லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து தங்கும் 'வைத்தியர்' ஒருவரிடம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து லேகியம் வாங்குகின்றார். முன்னவர் நோயை வளர்க்கின்றார். பின்னவர் நோயோடு கடனையும் வளர்க்கின்றார். ஆண்மைச் சுரப்புக்கும் இரவுநீர் உபாதைக்கும் தொடர்பு உண்டென்பது மெய்யே. ஆனால் அத்தொடர்பு நம்மவர் நினைக்கும் வழியில் செல்லவில்லை. அது செல்லும் வழியைக் காட்டுதலே எமது நோக்கம்.

முதற்கண், உபாதை என்பது யாதென வரையறுத்துக்கொள்வோம். உறங்கிக்கொண்டிருப்பவர் சிறுநீர் கழிக்கும்பொருட்டு விழித்தெழுவதையே வைத்தியர் இப்பெயரால் குறிக்கின்றனர். இத்துறை வைத்தியர்களின் சர்வதேசச் சங்கம் 2002-ல் வகுத்த இலக்கணப்படி, ஒருமுறை எழுந்தாலும் அது கணக்கிற் சேரும். ஆயினும் முதியவர் ஒருமுறை எழுந்திருத்தல் பெரும்பான்மையும் வழக்கமே. இரண்டு முறையும் அதற்கு மேலும் எழுபவரே பகலிற் சோர்ந்து வாடுகின்றனர். வேறு காரணத்தால் உறக்கம் கலைந்து, விழித்திருக்கும் சமயத்தில் போய் வருவது வேறு. நீரே உறக்கத்தைக் கலைப்பது வேறு. இவ்வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இனி, ஆண்மைச் சுரப்பு என்பது யாது? விதைகளில் ஊறி இரத்தத்திற் கலந்து உடலெங்கும் சென்று வேலை செய்யும் ஒரு ஹார்மோன் அது. மீசை தாடியையும், குரலின் கனத்தையும், தசையின் வலிவையும், எலும்பின் உறுதியையும் தருவது அதுவே. 1931-ல் புட்டெனாண்ட் என்னும் ஜெர்மானிய இரசாயன வித்துவான், போலீஸ்காரரிடமிருந்து சேகரித்த சுமார் 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்து, அதிலிருந்து 15 மில்லிகிராம் அளவே ஓர் ஆண்மைப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1935-ல் டெஸ்டோஸ்டெரோன் என்னும் முதன்மைச் சுரப்பு காளையின் விதையிலிருந்து பிரிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதனைச் செயற்கையாகவும் ஆக்கினர். புட்டெனாண்டுக்கும் ரூசிக்காவுக்கும் 1939-ல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. நாம் பேச வெட்கப்படும் நீரிலிருந்தே ஆண்மையின் இரகசியம் முதலில் வெளிப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

இச்சுரப்பு நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. உறக்கத்தில் ஏறத் தொடங்கி, விடியற்காலையில் உச்சத்தை அடைந்து, மாலைக்குள் இறங்கும். வயது நாற்பதை அணுகிய பின்னர் ஆண்டொன்றுக்குச் சுமார் நூற்றுக்கு ஒன்றாக மெல்லக் குறைந்து வரும். உறக்கத்திற்கும் இதற்கும் உள்ள உறவைக் காட்டும் பரிசோதனையொன்று 2011-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஆரோக்கியமுள்ள வாலிபர் பதின்மரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கவிட்டனர். அவ்வொரு வாரத்திலேயே அவர்களுடைய பகற்காலச் சுரப்பு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைந்துவிட்டது. வயது பத்து பதினைந்து ஆண்டுகளிற் செய்யும் வேலையை உறக்கக் கேடு ஒரு வாரத்திற் செய்துவிட்டது என்பது இதன் பொருள்.

அன்பர்காள்! இவ்விடத்தில் சற்றே நின்று யோசியுங்கள். இரவில் மூன்று முறை எழுந்திருப்பவர் எத்தனை மணி நேரம் இடையறாது உறங்கியிருப்பார்? சுரப்புக் குறைந்ததனால் அவர் எழுந்தார் என்று நாம் கருதுகின்றோம். அவர் எழுந்ததனாலேயே சுரப்புக் குறைந்திருக்கவும் கூடுமன்றோ?

எனினும் முதற் கூற்றையும் யாம் தள்ளிவிடவில்லை. சிறுநீர்ப்பையின் சுவரிலும் நீர்க்குழாயிலும் இச்சுரப்பை ஏற்கும் பொறிகள் உள்ளன. சுரப்பு மிகக் குறைந்த ஆடவரிடம் இரவில் எழுந்திருத்தல் மிகுதியாகக் காணப்படுவதைப் பல தேசத்து ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். ஜப்பானில் சுரப்புக் குறைவுற்ற ஆடவரில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் டெஸ்டோஸ்டெரோன் மருந்து கொடுத்துப் பார்த்ததில், அவர்கள் இரவில் எழும் தடவைகள் குறைந்தன என்று 2015-ல் வெளியிட்டனர். ஆகவே மெய்யாகவே சுரப்புக் குறைந்த சிலர்க்கு அதனை ஈடு செய்தல் பயன் தரும். ஆனால் இரவில் எழும் யாவரும் அவ்வகையினர் அல்லர். அவருட் பெரும்பாலோர்க்கு வேறு காரணங்களே முன்னிற்கின்றன.

அக்காரணங்களுள் நம்மவர் ஓரளவு அறிந்தது புராஸ்டேட் என்னும் கோளம். அது சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றியிருக்கும். வயதேற ஏற அது பருத்து நீர்வழியை நெருக்கும். பை முற்றும் ஒழியாமையால் விரைவில் மீண்டும் நிரம்பும். ஆண்மைச் சுரப்பு இன்றி இக்கோளம் வளராது. பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்க்கு இது பருப்பதில்லை. அங்ஙனமாயின், இரத்தத்திற் சுரப்புக் குறையும் முதுமையில் கோளம் வளர்வானேன் என்று கேட்கலாம். கோளம் தனக்குள்ளேயே டெஸ்டோஸ்டெரோனை அதனினும் வலிய மற்றொரு பொருளாக மாற்றிக்கொள்ளும். இரத்தத்தின் அளவு சற்றே இறங்கினும் அதற்குக் குறைவில்லை. இம்மாற்றத்தைத் தடுக்கும் பினாஸ்டெரைட் என்னும் மருந்து 1992 முதல் வழக்கில் உள்ளது. "ஆண்மை குறைந்ததால் நீர் நிற்கவில்லை" என்போர், கோள வீக்கத்துக்கு ஆண்மைச் சுரப்பின் வேலையையே தடுக்கும் மருந்து கொடுக்கப்படுவதை அறிவாராயின் வியப்புறுவர்.

கோளம் ஒன்றே குற்றவாளி என்று எண்ணுதலும் தவறு. சாதாரணமாக இரவில் மூளையிலிருந்து வாஸோப்பிரஸ்ஸின் என்னும் மற்றொரு ஹார்மோன் மிகுந்து, சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடிக்கும். அதனால் இரவு நீர் குறைவாக ஊறும். முதுமையில் இவ்வேற்பாடு தளர்கின்றது. பலர்க்குப் பையிலே குற்றமில்லை. இரவில் ஊறும் நீரே அதிகம். அதன் காரணத்தைத் தேடுவோமாயின், ஆண்மைச் சுரப்பையும் கெடுத்து இரவு நீரையும் பெருக்கும் பொது வேர்கள் சில அகப்படும்.

முதல் வேர் நீரிழிவு. இரத்தத்திற் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது சிறுநீரில் வழிந்து, தன்னோடு நீரையும் இழுத்துச் செல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நிகழ்ந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர். நம் மாநிலத்தின் விகிதம் அதனினும் மிகுதி. இந்நோயுள்ள ஆடவர் பலரிடம் டெஸ்டோஸ்டெரோனும் குறைந்தே காணப்படுகின்றது.

இரண்டாவது வேர் பருத்த வயிறு. கொழுப்புத் திசு ஆண்மைச் சுரப்பைப் பெண்மைச் சுரப்பாக மாற்றும் இயல்புடையது. மூன்றாவது வேர் குறட்டையோடு கூடிய மூச்சுத்தடை. உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும்போது, மார்பினுள் ஏற்படும் இழுப்பினால் இருதயம் விரிவுற்று, "நீர் மிகுந்தது, வெளியேற்றுக" என்று சிறுநீரகத்துக்கு ஆணையிடும் ஒரு பொருளை விடுகின்றது. அவர் நீருக்காக விழித்ததாக எண்ணுகின்றார். மெய்யில் மூச்சுக்காக விழிக்கின்றார். மூச்சுத்தடைக்குச் சிகிச்சை செய்தபின் இரவில் எழுதல் குறைவது பலரிடம் கண்ட உண்மை. ஆகவே சுரப்புக் குறைவும் இரவுநீரும் ஒன்றையொன்று பெற்ற தாயும் பிள்ளையுமல்ல. பெரும்பாலும் ஒரு வேரில் எழுந்த இரு கிளைகளே. கிளைக்கு லேகியம் பூசி வேரை விட்டுவிடுதல் அறிவுடைமையாகாது.

நிற்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய இத்தோல் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சிறப்பாக உரிய காரணங்களும் உள்ளன. 2019-ல் ஒரே ஜில்லா மூன்றாகப் பிரிந்தாலும் நம் பிழைப்பு ஒன்றே. தோல் ஷாப்பில் டிரம்மின் பக்கத்திலும் இயந்திரத்தின் முன்னும் காலை முதல் மாலை வரை நின்றே வேலை செய்பவர் நம்மிற் பலர். நின்றுகொண்டே இருப்பவர்க்கு உடல்நீர் காலில் இறங்கித் தங்கும். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். இரவு படுத்தவுடன் அந்நீர் இரத்தத்திற்கு மீண்டு சிறுநீரகத்தைச் சேரும். பகலெல்லாம் காலிற் கிடந்தது இரவெல்லாம் பானையில் விழுகின்றது. வேலை முடிந்து வந்து, படுக்கைக்குப் போகுமுன் ஒரு மணி நேரமாவது காலை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருப்பாராயின், அந்நீர் முன்னதாகவே வெளியேறிவிடும். இதற்குக் காசு செலவில்லை. கால் வீக்கம் காலையிலும் வற்றாதிருப்பின் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மற்றொன்று உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுதல் நமது தொழில் வழக்கு. நம் உடலையும் அவ்வாறே உப்பிட்டு வைக்க வேண்டுவதில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பர் முன்னோர். உப்பு மிகுந்த பண்டம் நம்மை இரவிற் கொல்லைக்கு அனுப்பும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானில் உப்பை மிகுதியாக உண்ணும் 321 பேரைக்கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமாக உப்பைக் குறைத்தவர், இரவில் எழும் சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், இரவில் வயிறு நிறைய உண்ணும் பிரியாணி இவற்றை அளவோடு நிறுத்தினால் லேகியத்தினும் மிக்க பயன் உண்டாம்.

தோல் ஊர்களில் வாழ்வோர்க்கு இயல்பாகவே ஒரு வினா எழும்: குரோமியம் நம் ஆண்மைச் சுரப்பைக் கெடுத்து இவ்வுபாதையைத் தருகின்றதோ? டிரம்மில் இடப்படுவது மூன்று வலுவெண் குரோமிய உப்பு. ஆறு வலுவெண் குரோமியமே கொடியது. அதனைக் குடிநீரிற் பெற்ற குரங்குகளின் விதைகள் சிதைவுற்றமையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 2005-ல் வெளியிட்டனர். பாலாற்றுப் பிரதேசத்தின் மாசு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்பும் நாம் மறக்கத்தக்கதன்று. நல்ல நீரைக் கேட்டுப் போராடுதல் நமது உரிமை. ஆயினும் இரவில் எழுபவர் பழி முழுதையும் ஆற்றின்மேற் போட்டுவிட்டுத் தம் சர்க்கரையை அளந்து பாராதிருந்தால் நஷ்டம் அவர்க்கே.

அங்ஙனமாயின் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு? வீட்டிலேயே தொடங்கலாம். அளவுக்கோடிட்ட ஒரு பழைய குவளையை எடுத்துக்கொண்டு, மூன்று நாள், ஒவ்வொரு முறையும் கழிக்கும் நீரை அளந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். படுத்த பின் கழித்ததையும், காலையில் எழுந்தவுடன் கழித்ததையும் கூட்டினால் இரவு நீர் கிடைக்கும். ஓர் உதாரணம்: ஒரு நாள் முழுவதற்கும் 1,500 மில்லி, அதில் இரவு நீர் 600 மில்லி. அஃதாவது நூற்றுக்கு 40 பங்கு. அறுபத்தைந்து வயது கடந்தவர்க்கு 33 பங்குக்கு மேற்பட்டால் இரவில் நீர் மிகுதியாய் ஊறுகின்றது என்று தெளியலாம். காலையும், உப்பையும், குறட்டையையும், இருதயத்தையும் நோக்குக. அறுபது கிலோ எடையுள்ளவர் நாள் முழுதும் 2,400 மில்லிக்கு மேற் கழித்தால் முதலிற் சர்க்கரையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகவே இறங்கினால் பையையோ கோளத்தையோ ஐயுறுங்கள். இக்குறிப்பைக் கையிற் கொண்டு போகிறவரை எந்த வைத்தியரும் வரவேற்பார்.

ஆண்மைச் சுரப்பை அளக்க வேண்டுமென்று வைத்தியர் கருதினால், விடியற்காலைக்குப் பின் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாள் இரத்தம் கொடுத்தல் வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் குறைவாக இரு முறையும் இருந்து, அதற்குரிய குறிகளும் இருந்தாலே குறைவு என்பர். மாலையில் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு "ஆண்மை போயிற்று" என்று அஞ்சற்க. இரவு ஷிப்டு முடித்து உறங்காமல் வந்து கொடுத்த இரத்தமும் மயக்கமான விடையையே தரும்.

தேவையின்றி இச்சுரப்பை ஊசியாகவோ களிம்பாகவோ ஏற்றிக்கொள்வது விளையாட்டன்று. வெளியிலிருந்து வரும் சுரப்பு விதையின் சொந்த வேலையை அடக்கி, விந்தணுக்களைக் குறைத்துவிடும். பிள்ளைப்பேற்றை விரும்பும் வாலிபர்க்கு இஃது எத்துணைக் கேடு! அறுபத்தைந்து வயது கடந்த 790 பேரிடம் நிகழ்த்திய அமெரிக்கப் பரிசோதனை 2016-ல் வெளியாயிற்று. சிற்றின்ப உணர்ச்சி ஓரளவு மேம்பட்டதேயன்றி, எதிர்பார்த்த சுறுசுறுப்பு வரவில்லை. 2023-ல் வெளியான மற்றொரு பரிசோதனை ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக்கொண்டது. மாரடைப்பு மிகவில்லை, ஆயினும் இருதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்று மிகுந்தன. இரவு நீரைக் குறைக்கும் டெஸ்மோப்பிரஸ்ஸின் மாத்திரையும் முதியவர் இரத்தத்தில் உப்புச் சத்தை அபாயமான அளவுக்கு இறக்கக் கூடும். இவையெல்லாம் வைத்தியர் கண்காணிப்பில் மட்டுமே கொள்ளத்தக்கன. ஆண்மையைப் பெருக்குவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டு மத்திய சட்டமே விலக்கியிருக்கின்றது. சட்டம் விலக்கியதைச் சுவரில் ஒட்டுபவன் நம் உடலைக் காப்பான் என்று எவ்வாறு நம்புவது?

இத்துணையும் அறிந்த பின்னும் நம்மைத் தடுத்து நிற்பது ஒன்றே, அது வெட்கம். வெட்கம் உயிரைக் கொல்லும் என்பதற்கு நம் வேலூரின் சரித்திரமே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில், பாதிரி வைத்தியரொருவரின் மகளாகிய ஐடா ஸ்கடரை நாடி ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் வந்து, தம் மனைவியர் பிரசவத்தில் தவிப்பதாகக் கூறி அழைத்தனர். அவரோ அப்பொழுது வைத்தியம் பயிலாதவர். தந்தையார் வரச் சம்மதித்தும், ஆடவர் பார்க்கலாகாதென்று அவர்கள் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் மாண்டனர். அத்துயரே அவரை வைத்தியம் பயிலச் செய்தது; 1900-ல் வேலூரில் அவர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலையே இன்றைய பெரும் ஆஸ்பத்திரி. அன்று வெட்கத்தாற் பெண்கள் மாண்டனர். தேசமெங்குமிருந்து நோயாளர் தேடி வரும் அவ்வூருக்கு ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, இன்று நம் ஆடவர் வெட்கத்தால் நோயை மறைத்து நலிகின்றனர்.

சிறுநீரில் இரத்தம் காணுதல், நீர் அறவே அடைபடுதல், கடுப்போடு குளிர்காய்ச்சல், காரணமின்றி மெலிதலும் தாகமும் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நாளும் தாமதியாதீர்கள். நாட்பட்ட அடைப்புச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தாய்மார்களே! உங்கள் கணவர் குறட்டைவிட்டு மூச்சு நின்று திணறுவதை அவர் அறியார், நீங்களே அறிவீர்கள். அதை வைத்தியரிடம் சொல்லுதல் உங்கள் கடமை. பின்கட்டில் கக்கூஸ் உள்ள வீடுகளில் வழியெங்கும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஈரமும் படியும் இருளும் சேர்ந்து இடுப்பெலும்பை முறித்த முதியவர் மீண்டும் நிமிர்ந்து நடத்தல் அரிது.

நமது சங்கத்தாருக்கு எமது விண்ணப்பம் இது. மாதக் கூட்டத்தன்று காலையில் நாற்பது வயது கடந்த ஆடவர் யாவர்க்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்க. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர் அதனைப் பயன்படுத்துமாறும், இல்லாதார் அரசாங்க ஆஸ்பத்திரிகளையும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியரையும் நாடுமாறும் தூண்டுக. கல்வி நிதிக்கு நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கி, லேகியத்துக்கு ஆயிரங்களைக் கொட்டும் வழக்கம் நம்மிடையே ஒழிய வேண்டும். வேலை செய்யும் கைகளே நம் சமூகத்தின் ஆஸ்தி. அக்கைகளுக்கு உரியவர் இரவில் நன்கு உறங்கி எழுவாராயின், ஆண்மையும் வருவாயும் தாமே நிலைபெறும்.